கேத வீட்டில் அறுவடையா?

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் ஊழியம் புரியும் சபைகளுக்கு, சாவு ஒரே நாளில் ஒரு தெரு முழுவதற்கும் வந்து சேர்வது புதிதன்று. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2023 அக்டோபர் 17-இல் ரெங்கபாளையத்தில் மாண்டவருள் பெரும்பாலோர் பெண்கள். 2024-இல் பிப்ரவரியில் இராமுத்தேவன்பட்டி, மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் நாள் சின்னக்காமன்பட்டி. இவை செய்தித்தாள்களின் முதற்பக்கத்தை எட்டியவை. ஒருவரும் இருவருமாக மடிந்த விபத்துக்கள் உள்பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்து போயின.

இவ்வட்டாரத்தில் துக்கம் விசாரிக்கப் போவதைக் ‘கேதத்துக்குப் போதல்’ என்பர். கலியாணத்துக்கு அழைத்தால்தான் போகவேண்டும். கேதத்துக்கு அழைப்பு வேண்டுவதில்லை. பகை கொண்டவனும் கேத வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். அன்று அவனை யாரும் தடுப்பதில்லை. பெண்கள் உள்ளே சென்று கட்டியழுவர். ஆண்கள் வெளியே போட்டிருக்கும் பெஞ்சில் பேசாது அமர்ந்திருப்பர். புறப்படும்போது போய்வருகிறேன் என்று சொல்லாமலே எழுந்து செல்வர். கேதத்துக்கு வந்தவர் எதையும் கேட்பதில்லை. எதையும் பெற்றுச் செல்வதும் இல்லை. கதவு திறந்திருப்பதே இவ்வழக்கத்தின் சிறப்பு. ஆனால் திறந்த கதவின் வழியே எவரும் நுழைந்துவிடலாம் என்பதும் உண்மை.

இவ்வாறு நுழைவோருள் ஒருசாராரின் முறையையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. துக்கத்தில் இருப்போர் எளிதில் மனம் திரும்புவர், ஆகையால் அவர்களையே முதலில் நாட வேண்டும் என்னும் போதனை நம் சபைகளிலும், நம்மைச் சூழ்ந்துள்ள சுயாதீனக் குழுக்களிலும், ஊழியப் பயிற்சி முகாம்களிலும் வெவ்வேறு சொற்களில் வழங்கி வருகிறது. இன்ன சபை, இன்ன ஊழியர் என்று பெயர் குறிப்பது நம் நோக்கமன்று. கேத வீட்டுக்கு ஜெபக்குழு போவதையும் நாம் குறை கூறவில்லை, போகாதிருப்பதே குறை. எந்த எண்ணத்தோடு போகிறோம், போய் என்ன சொல்கிறோம் என்பதே கேள்வி.

இப்போதனைக்கு ஏட்டில் எழுதப்பட்ட வரலாறு உண்டு. டொனால்டு மெக்காவ்ரன் 1897-இல் நம் நாட்டிலேயே, மத்திய மாகாணத்துத் தாமோ நகரில் பிறந்தவர். பல்லாண்டு அங்கே மிஷனரியாக உழைத்தவர். கூட்டங்கூட்டமாக மக்கள் திருச்சபைக்கு வந்த வரலாற்றை ஆராய்ந்து, 1955-இலும் 1970-இலும் அவர் வெளியிட்ட நூல்களால் ‘திருச்சபை வளர்ச்சி’ இயக்கம் தோன்றியது. ஏற்கும் மனநிலையில் உள்ள மக்களிடம் ஆளையும் பொருளையும் முதலில் செலவிட வேண்டும் என்பது அவருடைய அடிப்படைக் கருத்துக்களுள் ஒன்று. விளைந்த வயலுக்கே முதலில் அரிவாளைக் கொண்டுபோ என்று எளிமையாகச் சொல்லலாம். மெக்காவ்ரன் எண்ணியது சமுதாயங்களின் ஏற்புநிலையை. அவரைப் பின்பற்றியோர் அதைத் தனியொரு மனிதனின் வாழ்வுக்கு இறக்கிக் கொண்டுவந்தபோதுதான் நம் கவலைக்குரிய திருப்பம் நேர்ந்தது.

1967-இல் ஹோம்ஸ், ரஹே என்னும் இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். வாழ்வில் நேரும் 43 மாறுதல்களுக்கு, அவை தரும் அழுத்தத்துக்கேற்ப மதிப்பெண் இட்டனர். கணவன் அல்லது மனைவியின் சாவுக்கு 100, நெருங்கிய உறவினர் சாவுக்கு 63, உடற்காயம் அல்லது நோய்க்கு 53, வேலையிழப்புக்கு 47. மதிப்பெண் கூடக்கூட அம்மனிதன் நோயில் விழும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே அவனைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்பதே மருத்துவர்களின் எச்சரிக்கை. 1982-இல் வின் ஆர்ன், சார்லஸ் ஆர்ன் என்னும் திருச்சபை வளர்ச்சி ஆசிரியர்கள் இருவர் அதே அளவுகோலை எடுத்து ‘ஏற்புநிலை அளவுகோல்’ ஆக்கினர். எண்கள் ஏறக்குறைய அவையே, பொருள்தான் மாறிற்று. 100 மதிப்பெண் பெற்றவன் இப்போது நோயின் விளிம்பில் நிற்கும் மனிதன் அல்லன். நற்செய்தியை ஏற்க மிகவும் ஆயத்தமாயுள்ள மனிதன்.

இம்மாற்றத்தைச் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நாம் கூறவில்லை. துன்புறுவோரைச் சபையார் மறந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணமும் அதில் இருந்திருக்கலாம். ஆயினும் அதன் உட்பொருளை மறைக்க இயலாது. மருத்துவனுடைய வெப்பமானியை வாங்கி, காய்ச்சல் ஏறியவன் பேரம் பேசமாட்டான் என்று கணக்கிடும் வியாபாரியின் செயல் அது. பட்டாசு வட்டாரத்துக்கு இவ்வளவுகோலைப் பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும்? மனைவியை இழந்தவன், அதே விபத்தில் தீக்காயம் பட்டவன், ஆலைக்கு முத்திரை வைத்தமையால் வேலையும் போனவன்: மூன்றும் ஒருவனே. மூன்று எண்களையும் கூட்டினால் 200. இவ்வளவு ‘ஏற்புநிலை’ உலகில் வேறெங்கே கிடைக்கும்! இப்படி எழுத நம் கை கூசுகிறது. எனினும் அந்த அளவுகோலின் தர்க்கம் இதுதான்.

அமெரிக்கப் புத்தகத்தின் மேல் முழுப்பழியையும் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. இக்கேள்வி இம்மண்ணின் திருச்சபை வரலாற்றிலேயே இருக்கிறது. சிவகாசிப் பகுதி அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. 1910-இல்தான் இராமநாதபுரம் ஜில்லாவோடு இணைந்தது. கேம்பிரிட்ஜில் பயின்று, சென்னையில் சர்ச் மிஷனரி சங்கச் செயலாளராயிருந்த தாமஸ் ராக்லண்டு, அப்பதவியை விட்டு, 1854-இல் வட திருநெல்வேலியில் கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் சென்று போதிக்கும் பணியைத் தொடங்கினார். 1858 அக்டோபர் 22-ஆம் நாள் சிவகாசியிலேயே மரித்தார். வெயிலிலும் வறட்சியிலும் அவர் நடந்த நடைக்கு, அவர் கண்ணால் கண்ட பலன் சிறிதே.

அவர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகுமுன் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். பஞ்சத்தைத் தொடர்ந்து வாந்திபேதியும் வந்தது. 1877-இல் பேராயர்களாக அருட்பொழிவு பெற்ற கால்டுவெல், சார்ஜென்ட் ஆகிய இருவருடைய பணித்தளங்களிலும் பல்லாயிரம் மக்கள் திருச்சபையை நாடி வந்தனர். போதனை மட்டும் இருந்தபோது வராதவர்கள், சாவும் பசியும் சூழ்ந்தபோது வந்தார்கள். அன்றே எதிர்ப்புக் குரல் எழுந்தது. சோற்றுக்காக வந்தவர்கள் என்ற ஏளனமும் எழுந்தது. கால்டுவெல் இதை மறைக்கவில்லை. வருவோரின் நோக்கம் கலப்பாயிருக்கலாம், உள்ளே வந்தபின் போதனை அதைத் தூய்மையாக்கும் என்ற போக்கில் அவர் வாதாடினார். பஞ்சம் நீங்கியபின் ஒரு பகுதியினர் திரும்பிப் போயினர்; பலர் நிலைத்திருந்தனர். அவர்களுடைய பேரன் பேத்திகளே இன்று நம் சபைகளின் மூப்பர்களும் ஆசிரியர்களும் என்பதை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். பஞ்சத்தில் மிஷனரிகள் கஞ்சி கொடுத்தனர். பசித்தவனுக்குத் தேவைப்பட்டது கஞ்சி; கொடுக்கப்பட்டதும் கஞ்சி. கொடுத்தவர் யார் என்று வாங்கியவர் எண்ணிப் பார்த்தது இயல்பே. கேத வீட்டில் நிலைமை வேறு. அங்கே தேவைப்படுவது காரணம். என் மகள் ஏன் செத்தாள்? அன்று அவள் வேலைக்குப் போகாதிருந்திருந்தால்? காய்ச்சல் என்றவளை நான்தானே அனுப்பினேன்? இக்கேள்விகளுக்கு விடை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வருபவன் கஞ்சியைவிட வலிய ஒன்றைக் கொண்டு வருகிறான்.

துக்கத்தின் இயல்பு பற்றி முதன்முதல் விரிவாக எழுதப்பட்ட மருத்துவ ஆய்வுகளுள் ஒன்று ஒரு தீ விபத்திலிருந்தே பிறந்தது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1942 நவம்பர் 28-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ‘கோக்கநட் குரோவ்’ என்னும் கேளிக்கை விடுதி தீப்பற்றி 492 பேர் இறந்தனர். அவர்களுடைய உறவினரைக் கவனித்த எரிக் லிண்டமன் என்னும் மருத்துவர் 1944-இல் தம் ஆய்வை வெளியிட்டார். பெருமூச்சு, வயிற்றில் வெறுமை, இறந்தவர் உருவம் கண்முன் நிற்றல், காரணமற்ற கோபம், அன்றாட வேலைகளைச் செய்யும் ஒழுங்கு குலைதல் ஆகியவற்றோடு, தம்மீதே குற்றம் சுமத்திக்கொள்ளும் மனநிலையையும் அவர் கண்டார். இறந்தவருக்குத் தாம் செய்யத் தவறிய அற்பச் செயலையும் பெரும்பாவமாக எண்ணி மாய்கின்றனர். துக்கத்திலிருப்பவர் தம்மைப் பாவி என்று கூறும்போது, அது எப்போதும் தூய ஆவியானவர் தரும் பாவ உணர்வு ஆகிவிடாது. துக்கத்தின் நோய்க்குறியாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பகுத்தறியத் தெரியாத ஊழியர் காயத்தையே கனி என்று எண்ணிப் பறித்துவிடுவார்.

பறிப்பதற்கு அவர் கையாளும் சொல் பெரும்பாலும் காரணத்தைப் பற்றியதாகவே இருக்கும். விக்கிரக வணக்கத்தால் வந்த சாபம் என்பர் சிலர். உங்களைத் தம்மிடம் அழைக்கவே ஆண்டவர் இதை அனுமதித்தார் என்பர் வேறு சிலர். இது மென்மையாக ஒலிக்கும். நீங்கள் மட்டும் உயிர் பிழைத்தது ஒரு நோக்கத்துக்காகவே என்று தப்பியவரிடம் கூறுவோரும் உளர். பிழைத்தவன் அருகே மாண்டவனுக்கு நோக்கம் எதுவும் இல்லையா என்று எவரும் கேட்பதில்லை. சோதிடரும் குறி சொல்வோரும் அதே தெருவில் கிரகத்தையும் குலதெய்வக் கோபத்தையும் காரணமாகச் சொல்லிப் பரிகாரம் கூறுகின்றனர். சரக்கின் பெயர் வேறு, விற்கப்படுவது ஒன்றே.

பட்டாசு வட்டாரத்தில் இவ்விற்பனை செய்யும் கேடு இரட்டிப்பானது. ஏனெனில் இங்கே சாவுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. முதலிப்பட்டி ஆலையின் உரிமம், விதிமீறலுக்காக விபத்துக்கு முந்தின நாளே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆயினும் வேலை நடந்தது. முதல் வெடிப்பைக் கேட்டு உதவிக்கு ஓடியவர் பலர் அடுத்த வெடிப்பில் மாண்டனர். அச்சங்குளத்தில் உரிமம் பெற்றவர் ஒருவர். ஆலையை உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்கள் வேறு. ஓர் அறையில் நால்வர் மட்டும் என்ற விதியிருக்க அதற்கு மேற்பட்டோரை உட்கார வைத்தல், அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தைச் சேர்த்து வைத்தல், அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை வாங்குதல், மருந்தைக் கலக்கும்போதும் செலுத்தும்போதும் நேரும் உராய்வு: ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் அதிகாரிகள் கூறுபவை இவையே. தீபாவளி நெருங்க நெருங்க உற்பத்தியைக் கூட்டும் அவசரமும், முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்குப் போகாதிருக்க முடியாத குடும்பத்தின் நிலையும் இவற்றோடு சேர்கின்றன.

இவ்வளவு காரணங்கள் கண்முன் கிடக்க, பரலோகத்தில் எழுதப்பட்ட ஒரு காரணத்தைத் தாய்க்குக் கொடுப்பவர் என்ன செய்கிறார்? அவளுடைய கேள்வியை அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். ஆண்டவர் அனுமதித்ததை எதிர்த்து எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது? சாபத்தால் வெடித்த அறைக்கு உள்குத்தகைக்காரரும் பொறுப்பல்லர்; ஆய்வாளரும் பொறுப்பல்லர். அச்சங்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்து, இறந்தவர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 20 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று கட்டளையிட்டது. தீர்ப்பாயம் கேட்ட கேள்வி, இதற்குப் பொறுப்பாளி யார் என்பது. திருச்சபை கேட்கும் கேள்வி அதைவிடச் சிறியதாக இருக்கலாமா?

நம்முடைய வேதம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஆயினும் ஒரு பகுதியை நாம் தவறாகக் கையாள்கிறோம். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தி (லூக்கா 13:1-5) விபத்துக்குப் பிந்திய பிரசங்கங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. இறந்தவர் மற்றவரைவிடப் பாவிகள் அல்லர் என்று இயேசு மறுக்கிறார். அதனுடன் மனந்திரும்புதலுக்கான எச்சரிக்கையையும் விடுக்கிறார். இவ்வெச்சரிக்கையை எடுத்துக்கொண்டு கேத வீட்டுக்குப் போவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: அவர் யாரிடம் பேசினார்? பிலாத்து செய்த கொலையின் செய்தியைக் கொண்டுவந்து, அதைப் பற்றி விவாதிக்க நின்றவர்களிடம் பேசினார். பலியானோரின் தாய்மாரிடம் பேசவில்லை. பிறர் சாவைப் பொருளாக்கிப் பேசுவோருக்குரிய எச்சரிக்கையை எடுத்து, சாவில் துடிப்போர்மீது எறிவது வசனத்தைத் தலைகீழாக்குவதாகும். பட்டாசு வட்டாரத்தில் இப்பகுதிமீது பிரசங்கம் வேண்டுமானால், அது ஆலை முதலாளிகளும் வியாபாரிகளும் தீபாவளிக்கு வெடி வாங்கும் நாமும் அமர்ந்திருக்கும் ஆராதனையில் நிகழட்டும்.

பெத்தானியாவில் மார்த்தாளிடம் இயேசு விசுவாசத்தைப் பற்றிக் கேட்டாரே என்று நண்பர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. மார்த்தாள் அவரை முன்பே அறிந்து தன் வீட்டில் ஏற்றவள். பேச்சைத் தொடங்கியவளும் அவளே. அவள் அவர்மேல் குறைப்பட்டுக்கொண்டே தொடங்கினாள். அவளுடைய வாதத்துக்கு அவர் விடை கூறினார். மரியாளோ வாதிக்கவில்லை, அழுதாள். அவரும் கண்ணீர் விட்டார் (யோவான் 11:20-35). ஒரே வீட்டுச் சகோதரிகள் இருவர். இருவரிடமும் அவர் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை. எல்லாக் கேத வீட்டுக்கும் ஒரே கைப்பிரதியை எடுத்துச் செல்வோருக்கு இப்பகுதி துணை நிற்பதாகத் தெரியவில்லை. (அச்சுத் தொழிலுக்கும் பெயர் பெற்ற சிவகாசியில் கைப்பிரதிக்குப் பஞ்சமில்லை என்பது வேறு செய்தி.)

ஆயினும் நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமான வேதப்பகுதி ரூத் புத்தகத்தின் முதல் அதிகாரமே. மூன்று கைம்பெண்கள் வழியில் நிற்கின்றனர். ஏற்புநிலை அளவுகோலின்படி மூவருக்கும் 100. நகோமி இஸ்ரவேலின் தேவனை அறிந்தவள். மற்ற இருவரும் மோவாபியர். சபை வளர்ச்சி நூல்களின் நோக்கில் இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நகோமி செய்வதென்ன? திரும்பிப் போங்கள் என்கிறாள். மீண்டும் மீண்டும் சொல்கிறாள். ஓர்பாள் தன் ஜனத்திடமும் தன் தேவர்களிடமும் திரும்பிவிட்டாள், நீயும் போ என்று ரூத்திடம் கூறுகிறாள் (1:15). தன் தேவனைப் பற்றி அவள் நற்சாட்சி கூடக் கூறவில்லை. கர்த்தரின் கை தனக்கு விரோதமாயிருந்தது என்றே சொல்கிறாள். இவ்வளவு தடைகளையும் தள்ளிவிட்டு ரூத் வருகிறாள். அதனால் அவள் எடுத்த முடிவு அவளுடைய முடிவு, நகோமியின் வெற்றியன்று. ஓர்பாளை வேதம் ஒரு சொல்லாலும் கடிந்துகொள்ளவில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம். அவள் முத்தமிட்டுப் பிரிந்தாள், அவ்வளவே.

யோபுவின் நண்பர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏழு நாள் தரையில் அமர்ந்து பேசாதிருந்தவரை அவர்கள் கேதத்துக்கு வந்தவர்கள். காரணம் சொல்லத் தொடங்கியபின் அவர்கள் நிலை மாறிற்று. முடிவில் தேவகோபம் எரிந்தது கேள்வி கேட்டவன்மேல் அன்று, விடை சொன்னவர்மேல் (யோபு 42:7).

இச்செயலைச் சட்டத்தால் தடுக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. 2002 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை அவசரச் சட்டமாகக் கொணர்ந்தது. பெரும் எதிர்ப்புக்குப்பின் 2004-இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. வலுக்கட்டாயம், ஆசை காட்டுதல், வஞ்சகம் ஆகியவற்றை அது தண்டித்தது. பெண்களையும் தாழ்த்தப்பட்டோரையும் பழங்குடியினரையும் சிறுவரையும் மாற்றினால் கூடுதல் தண்டனை என்றது. வளர்ந்த பெண்ணையும் தாழ்த்தப்பட்ட மனிதனையும் சிறுவரோடு ஒரே வரிசையில் நிறுத்தியதைக் கவனிக்க. இவர்களால் தாமாக முடிவு செய்ய இயலாது என்ற எண்ணமே அதன் அடித்தளம். ஏற்புநிலை அளவுகோலின் அடித்தளமும் அதுவன்றோ? ஒன்று, அவள் எளிதில் விழுவாள், ஆகவே காவல் போடு என்கிறது. மற்றொன்று, அவள் எளிதில் விழுவாள், ஆகவே முந்திக்கொள் என்கிறது. எதிரெதிரே நிற்பவர்கள் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே கருத்தை உடையவர்களாயிருப்பது வியப்புக்குரியது.

இக்கருத்து முழு உண்மையும் அன்று. மூளைச்சலவையால் இளைஞரைச் சேர்த்துக்கொள்வதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மூன் மத இயக்கத்தை இங்கிலாந்தில் ஆராய்ந்த ஐலீன் பார்க்கர் 1984-இல் தம் நூலை வெளியிட்டார். அவ்வியக்கத்தின் முகாம்களுக்குச் சென்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் அதில் சேரவேயில்லை என்று அவர் கண்டார். நம் வட்டாரத்திலும், துக்கத்தின் நடுவில் கிறிஸ்துவைக் கண்டோம் என்று கூறுவோரில் எத்தனையோ பேர் தெளிந்த அறிவோடு, சாதிக் கொடுமையையும் உறவினர் எதிர்ப்பையும் எண்ணிப் பார்த்துத்தான் அம்முடிவுக்கு வந்திருக்கின்றனர். அவர்களை ஏமாந்தவர்கள் என்று ஒதுக்குவது இரண்டாவது அநீதி. நாம் கண்டிப்பது அவர்கள் முடிவையன்று. அந்த முடிவுக்குரிய காலத்தை அவர்களுக்குத் தர மறுக்கும் முறையையே.

காலத்தைப் பற்றித் திருச்சபைகள் கூடி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கின்றன. 2011 ஜூன் 28-இல் உலகத் திருச்சபைகள் மாமன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடல் மன்றம், உலக சுவிசேஷ ஐக்கியம் ஆகிய மூன்றும் இணைந்து, பல்சமய உலகில் கிறிஸ்தவச் சாட்சி பற்றிய ஓர் ஆவணத்தை ஜெனீவாவில் வெளியிட்டன. அதிலுள்ள 12 நெறிகளில் வறுமையைப் பயன்படுத்திக்கொள்ளாமை, குணமளிக்கும் ஊழியத்தில் மக்களின் பலவீனத்தைச் சுரண்டாமை ஆகியவை இடம்பெறுகின்றன. சமயம் மாறுதல் பெரும் முடிவு, அதற்குச் சிந்திக்கவும் ஆயத்தமாகவும் போதிய காலம் வேண்டும் என்பதும் ஒரு நெறி. இவ்வளவு வேறுபட்டவர்கள் இதில் ஒன்றுபட்டது பாராட்டத்தக்கது. ஆயின் ஆவணம் ஏழையையும் நோயாளியையும் நினைத்த அளவுக்குத் துக்கத்திலிருப்பவரை நினைக்கவில்லை. ‘போதிய காலம்’ எவ்வளவு என்றும் கூறவில்லை. கூறாது விட்ட நெறியை நடைமுறையில் ஒவ்வொருவரும் தம் வசதிக்கேற்ப அளந்துகொள்கின்றனர்.

பண்டைத் திருச்சபைக்கு இதில் ஓர் அளவு இருந்தது. இப்போலித்துவின் பெயரால் வழங்கும் ‘அப்போஸ்தலப் பாரம்பரியம்’ ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாவோர் மூன்றாண்டு போதனை கேட்க வேண்டும் என்று விதிக்கிறது. நம் மக்களிடமும் ஓர் அளவு உண்டு. சாவு நேர்ந்த வீட்டில் அவ்வாண்டு பண்டிகை இல்லை. வெடி செய்து செத்தவள் வீட்டில் அவ்வாண்டு தீபாவளி இல்லை. மாதந்தோறும் நினைவு கூர்ந்து, ஆண்டு முடிவில் வருடத் திதி கொடுத்தபின்னரே வீடு பழைய நடைக்குத் திரும்பும். இதை மூடப்பழக்கம் என்று தள்ளிவிடாமல், துக்கத்தின் நீளத்தை அறிந்த மக்களின் அறிவாக நாம் ஏற்கலாம். விபத்தில் இறந்தவர் குடும்பத்தார் ஞானஸ்நானம் கேட்டால், ஓராண்டு முடியும்வரை அவர்களோடு இருப்போம், ஓராண்டு முடிந்தபின் பேசுவோம் என்று ஒரு சபை முடிவு செய்யலாம். அவ்வோராண்டுக்குள் சாட்சி சொல்ல அவர்களை மேடையேற்றுவதையும், கைபேசியில் படம் பிடித்துப் பரப்புவதையும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். இழப்பீட்டுப் பணம் வந்த வீட்டில் காணிக்கை, தசமபாகம் என்ற சொற்கள் எழவே கூடாது. கைம்பெண்களின் வீடுகளைப் பட்சிப்போரைப் பற்றி மாற்கு 12:40-இல் கூறப்பட்டது வேதபாரகருக்கு மட்டும் உரியதன்று.

அவ்வோராண்டு வெறுமனே கழியாது. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் கிடப்பவருக்குத் துணையாக இரவில் ஓர் ஆள் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை நடை என்று அறிந்தவர் அறிவர். இழப்பீட்டு வழக்கில் எந்தத் தாளில் கையெழுத்திடலாம், எதில் இடக்கூடாது என்று சொல்லப் படித்த ஒருவர் வேண்டும். தாய் இறந்த வீட்டில் பள்ளியை விட்டு நின்றுவிடும் பெண் பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இவற்றைச் செய்வோர் ஆண்டவரைப் பற்றிப் பேசக் கூடாது என்பதன்று நம் கருத்து. கேட்டால் சொல்லலாம். கேட்காமல் சொல்லும் ஆவல் எழும்போது, ஏழு நாள் பேசாதிருந்த அந்த மூவரின் நல்ல காலத்தை நினைத்துக்கொள்ளலாம்.

கிராமச் சபைகளின் போதகர்கள் இதற்கு ஒரு மறுப்புக் கூறுவர். அதை நாம் எதிர்பார்க்கிறோம். நாம் ஓராண்டு காத்திருந்தால், பதினாறாம் நாளிலேயே வேறொரு குழுவினர் வந்து அந்தக் குடும்பத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடுவர். அப்போது நம் சபையின் எண்ணிக்கை குறைந்து அவர்களுடையது கூடும். உண்மைதான், அவ்வாறு நேரலாம். நேர்ந்தாலும், அந்த வீட்டில் வருடம் திரும்பும் நாளில் நாம் போய் வாசல் பெஞ்சில் சற்று நேரம் உட்கார்ந்திருக்க எந்தத் தடையும் இல்லை.